வகுப்பறைக்கு வெளியே எழும் சிரிப்பொலி

ஆண்டு விழா மலர் என்றால் அதிலே தாய்மையைப் போற்றும் கட்டுரை ஒன்று தவறாது இடம்பெறும். தாய் தெய்வம் என்போம். தியாகத்தின் திருவுருவம் என்போம். தன்னை உருக்கி ஒளி தரும் மெழுகுவர்த்தி என்போம். வாசித்து முடித்ததும் மலரை அலுமாரியில் வைத்துவிட்டு, அதே தெய்வத்திடம் தேநீர் கேட்போம். இம்முறை நாம் தாயைத் தெய்வமாக்க விரும்பவில்லை. தெய்வத்துக்குக் களைப்பில்லை, தாய்க்கு உண்டு. தெய்வம் சிரித்து நாம் கேட்டதில்லை. எமது பாடசாலைத் தாய்மார் சிரிப்பதை ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்கின்றோம். அந்தச் சிரிப்பைப் பற்றியே இங்கு சில கூறப் புகுகின்றோம்.

எமது பாடசாலை ஒஸ்லோ நகரின் ஓரத்திலே, நோர்வேஜியப் பாடசாலைக் கட்டடம் ஒன்றில் இரவலாக நடைபெறுவதை யாவரும் அறிவீர்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் தாய்மாரிற் பலர் வீடு திரும்புவதில்லை. பேருந்தேறிப் போய் மீண்டும் வருவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். எனவே, கைக்குழந்தைகளுடனும் தள்ளுவண்டிகளுடனும் வகுப்பறைக்கு வெளியேயுள்ள நடைகூடத்திலே காத்திருப்பார்கள். சுடுநீர்ப் போத்தலில் தேநீர் வரும். ஒரு பெட்டியில் பருத்தித்துறை வடை வரும். பிறகு பேச்சு வரும். பேச்சைத் தொடர்ந்து சிரிப்பு வரும்.

ஒரு தை மாதத்துச் சனிக்கிழமை, ஐந்தாம் வகுப்புக்கு நான்காம் வேற்றுமையைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். ‘கு’ என்னும் உருபைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் வெளியே பெருஞ்சிரிப்பு வெடித்தது. பிள்ளைகள் அனைவரும் கதவுப் பக்கம் திரும்பினர். ஊரிலே ஆசிரியராக இருந்த காலத்தில் பழக்கிவைத்த கடுமையான முகம் ஒன்று எம்மிடம் இன்றும் உண்டு. அதை அணிந்துகொண்டு வெளியே சென்றோம். தாய்மார் யாவரும் பிடிபட்ட மாணவர்களைப்போல் அமைதியாகினர்.

“என்னம்மா நடந்தது?” என்றோம்.

“ஒண்டுமில்லை சேர்,” என்று தொடங்கினார் ஒரு தாய். “இண்டைக்குக் காலமை சின்னவனை வெளிக்கிடுத்தினன். கம்பளி உள்ளுடுப்பு, அதுக்கு மேல உடுப்பு, அதுக்கு மேல பனியுடுப்பு, ரண்டு சோடி காலுறை, சப்பாத்து, தொப்பி, கடைசியாக் கையுறை. இருபது நிமிசம் சேர். பஸ்ஸுக்கு நேரமாச்சுதெண்டு கதவைத் திறக்கேக்கை சொல்லுறான், ‘அம்மா, ஒண்டுக்கு வருது’ எண்டு.”

“பிறகு?”

“பிறகென்ன? எல்லாத்தையும் கழட்டினன். போய் நிண்டுபோட்டுச் சொல்லுறான், ‘இப்ப வரேல்லை’ எண்டு.”

நாம் அணிந்து சென்ற முகம் அவ்விடத்திலேயே கழன்று விழுந்தது. சிரிப்பை அடக்க முடியாமலே வகுப்பறைக்குத் திரும்பினோம். பாடத்தைத் தொடர்வதற்காக, ‘தாய்க்குப் பொறுமை உண்டு’ என்று எடுத்துக்காட்டு எழுதினோம். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “எங்கட அம்மாவுக்கு இல்லை சேர்,” என்றான். அம்மாவுக்கு என்பதும் நான்காம் வேற்றுமையே. இலக்கணம் பிழையற்றிருந்தமையால் அவனுக்கு முழுப்புள்ளி வழங்கினோம்.

அன்று தொடக்கம் நாம் அந்த நடைகூடத்துப் பேச்சுக்குச் செவிகொடுக்கத் தொடங்கினோம். மதிய உணவுப் பொதியிலே பாணும் பாற்கட்டியும் வைத்து அனுப்ப வேண்டிய நாட்டில், மகள் ஆசைப்பட்டாளே என்று புட்டு வைத்து அனுப்பிய தாயின் கதையைக் கேட்டோம். ‘இது மரத்தூளா?’ என்று வகுப்புத் தோழி கேட்டதும், மகள் ‘ஆம்’ என்று சொல்லித் தானே முழுவதையும் உண்டு வந்தாளாம். குளிரிலும் குழந்தையைத் தள்ளுவண்டியில் வெளியே உறங்கவிடுவது இந்நாட்டு வழக்கம். அதனைக் காணொளி அழைப்பிலே கண்ட யாழ்ப்பாணத்து அம்மம்மா, ‘பிள்ளையை ஏன் முற்றத்தில விட்டிருக்கிறாய்? நாய் இழுத்துக்கொண்டு போகாதோ?’ என்று அயலட்டை கேட்க அழுத கதையையும் கேட்டோம்.

எல்லாவற்றுக்கும் சிகரமானது ‘பார்சல்’ கதையாகும். பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய காலத்தை நோர்வேஜிய மொழியிலே ‘பார்சல்’ என்பார்கள். ஏறத்தாழ ஒரே காலத்தில் பிள்ளை பெற்ற தாய்மாரைத் தாய் சேய் சுகாதார நிலையம் ஒன்றுகூட்டுவதுண்டு. அக்குழுவுக்கு ‘பார்சல்குறுப்பே’ என்று பெயர். புதிதாக இந்நாட்டுக்கு வந்த குடும்பம் ஒன்றுக்கு அதற்கான அழைப்புக் கடிதம் வந்தது. கணவர் கடிதத்தைப் பார்த்தார். தெரிந்த சொல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஊரிலிருந்து மாமி சரக்குத்தூள் அனுப்பியிருக்கின்றார் என்று மகிழ்ந்து, அடையாள அட்டையுடன் அஞ்சற் பொதிகள் வழங்கும் கடைக்குச் சென்று, தமது பார்சலைத் தரும்படி வாதாடினார். கடைப்பெண் கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டு, அவரது கையைப் பிடித்து வாழ்த்துக் கூறினாராம். “இவர் அங்க பார்சலுக்குச் சண்டை பிடிக்கிறார், பார்சல் இங்க தொட்டிலுக்குள்ள கத்திக்கொண்டு கிடக்குது,” என்று அத்தாய் சொல்லி முடித்தபோது நடைகூடமே குலுங்கியது.

இக்கதைகளுள் ஒன்றிலேனும் வெற்றி இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாம் தவறியவை, பிந்தியவை, சிந்தியவை, மறந்தவை. ஒருவர் தமது தவற்றைச் சொன்னதும் மற்றவர், “உங்களுக்கு அப்பிடியோ? எனக்கு நடந்ததைக் கேளுங்கோ,” என்று தமது தவற்றை அதற்கு மேல் வைக்கின்றார். யாருடைய பிள்ளை கெட்டிக்காரன் என்ற போட்டி எம்மவர் கூடும் இடமெல்லாம் உண்டு. யாருடைய காலைப்பொழுது மோசமானது என்ற போட்டியோ இந்த நடைகூடத்தில் மட்டுமே உண்டு. முன்னைய போட்டியில் ஒருவர் வெல்ல, ஏனையோர் தோற்பார்கள். பின்னையதில் எல்லோரும் ஆறுதல் பெறுகின்றார்கள்.

ஊரிலே இத்தகைய ஆறுதலுக்கு இடம் தேட வேண்டியிருக்கவில்லை. பெண்ணொருத்தி பிள்ளை பெற்றால், துடக்கு கழியும் முப்பத்தோராம் நாள் வரையிலாவது அவளைச் சுற்றிப் பெண்கள் இருந்தார்கள். சரக்கு அரைக்க ஒருவர், பால் சுரக்கச் சுறா வறை செய்ய ஒருவர், நொச்சியிலை அவித்துத் தண்ணீர் வார்க்க ஒருவர். குழந்தை கைக்குக் கை மாறும். தாய் உறங்குவாள். அங்கும் குறைகள் இருந்தன. ‘இதைத் தின்னாதே, அங்கே போகாதே’ என்ற கட்டளைகளும், பெண்பிள்ளை பிறந்தால் எழும் பெருமூச்சுகளும் இருந்தனவே. ஆயினும், தாய்மை என்பது ஒருத்தி தனித்துச் செய்யும் தொழிலாக இருக்கவில்லை.

இங்கோ நிலைமை வேறு. மூன்றாம் மாடியிலே ஒரு வீடு. கணவர் துப்புரவு வேலைக்கோ உணவகத்துக்கோ சென்று நள்ளிரவில் திரும்புகின்றார். மார்கழியிலே ஒஸ்லோவில் பகற்பொழுது ஆறு மணித்தியாலத்துக்கும் குறைந்துவிடும். அழும் குழந்தையும், விளங்காத மொழியில் வந்த கடிதமும், தொலைபேசியில் மட்டும் வாழும் தாயும் அவளுக்குத் துணை. இந்த நிலையிலே சனிக்கிழமைத் தேநீர் அற்பமான பொருளன்று.

சிரிப்பு வசதியுள்ளோரின் பொழுதுபோக்கு என்று கருதுவோரும் உளர். அது அவ்வாறன்று என்பதை நாம் 2009 ஆம் ஆண்டிலே, வவுனியா மாவட்டத்து முகாம் ஒன்றில் கண்டோம். தண்ணீருக்கு மணிக்கணக்காக வரிசையில் நின்ற காலம் அது. இளந்தாய் ஒருத்தி, இடுப்பிலே குழந்தையுடன் நெடுநேரம் நின்று ஒரு வாளி தண்ணீர் பெற்றாள். நிமிர்ந்து இரண்டடி வைப்பதற்குள் குழந்தை அந்த வாளிக்குள்ளேயே சிறுநீர் கழித்துவிட்டது. வரிசை முழுவதும் வாயடைத்து நின்றது. அவளுடைய கண்கள் நிறைந்துவிட்டன. அப்போது பின்னால் நின்ற வயது முதிர்ந்த அம்மா ஒருவர், “அழாதை பிள்ளை. தண்ணி காணாதெண்டு அவன் தன்ர பங்கைத் தந்திருக்கிறான்,” என்றார். அழ இருந்தவள் சிரித்தாள். வரிசையே சிரித்தது. அதன்பின் நடந்ததுதான் முக்கியமானது. அந்த அம்மா அவளுடைய வாளியைக் கழுவி, தமது வாளியிலிருந்து ஒரு கோப்பை ஊற்றினார். அடுத்தவரும் ஊற்றினார். அதற்கடுத்தவரும் ஊற்றினார். அந்த வாளி நிரம்பியதை நாம் எமது கண்களாற் கண்டோம். எல்லாம் இழந்து நின்றவர்கள் முதலில் ஒரு சிரிப்பைப் பகிர்ந்தார்கள். பின்னர் தண்ணீரைப் பகிர்ந்தார்கள். உடன் சிரித்தவளுக்கு உதவாமல் நகர்வது கடினம் போலும்.

வள்ளுவர் இடுக்கண் அழியாமை என்று ஓர் அதிகாரமே வகுத்து, துன்பத்தைக் கண்டு நகைக்கும்படி கூறினார். இதை ஒருமுறை நடைகூடத்திலே பெருமையுடன் எடுத்துரைத்தோம். “வள்ளுவர் விடிய நாலு மணிக்கு எழும்பிப் பால்போத்தல் கழுவினவரோ சேர்?” என்று கேட்டார் ஒரு தாய். எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. ஆயினும், வள்ளுவர் கூறியதை மருத்துவமும் தனது வழியில் அறிந்துள்ளது.

பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாயொருத்தி மனச்சோர்வுக்கு ஆளாகியுள்ளாளா என அறிவதற்கு, ஸ்கொட்லாந்திலே ஆய்வு நடத்திய மூவர் 1987 ஆம் ஆண்டில் வினாத்தாள் ஒன்றை வெளியிட்டனர். எடின்பரோ அளவுகோல் எனப்படும் அதிலே 10 வினாக்கள் உள்ளன. நோர்வேயின் சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் அது பயன்படுகின்றது. தமிழிலும் அது உண்டு. கடந்த ஏழு நாட்களில் தாயின் மனம் எவ்வாறிருந்தது என்று அது கேட்கின்றது. அதன் முதலாவது வினா என்ன தெரியுமா? உறக்கத்தைப் பற்றியதன்று, உணவைப் பற்றியதன்று, கண்ணீரைப் பற்றியதும் அன்று. உங்களாற் சிரிக்கவும் நிகழ்வுகளின் வேடிக்கையான பக்கத்தைக் காணவும் முடிந்ததா என்பதே முதல் வினா. சிரிக்கும் ஆற்றல் குன்றுவது உள்ளம் நோயுறுவதன் அடையாளங்களுள் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, உலகெங்கும் அண்மையிற் பிள்ளை பெற்ற பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர் உளநலக் குறைபாடு ஒன்றுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகின்றனர். எமது சமுதாயத்தில் அதற்குப் பெயரில்லை. ‘அவளுக்குச் சோம்பல்’ என்போம், ‘கண்ணூறு’ என்போம், ‘செல்லமாக வளர்ந்தவள்’ என்போம்.

இங்கே எமது குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. சில ஆண்டுகளுக்கு முன்னர், முதலாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாரந்தோறும் பிந்தி வந்தாள். வீட்டுப்பாடமும் செய்வதில்லை. அவளுடைய தாயை வாசலில் மறித்து, ஏனையோர் முன்னிலையில், “நேரத்துக்கு வரவேணும் அம்மா. பிள்ளையில அக்கறை இருக்கவேணும்,” என்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை. அதன்பின் அவர் கட்டடத்துக்குள் வருவதையே நிறுத்திவிட்டார். பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு, இரண்டாவது குழந்தையுடன் வாகனத்துக்குள்ளேயே இருப்பார். ஒழுங்கு ஏற்பட்டுவிட்டது என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

அவர் வாகனத்துக்குள் இருந்து அழுவதைக் கண்டவர் நாமல்லர். பனியுடுப்புக் கதை சொன்ன அந்தத் தாயே. அவர் ஒரு கோப்பைத் தேநீருடன் சென்று கண்ணாடியைத் தட்டினார். அறிவுரை கூறவில்லை. “தங்கச்சி, நான் ரண்டாவது பிறந்தாப்போல வெங்காயம் வெட்டேக்கைதான் அழுவன். அப்பதான் ஒருத்தரும் ஏனெண்டு கேக்காயினம். ஒரு மாதத்தில ஒரு மூடை வெங்காயம் முடிஞ்சுது. இவர் நினைச்சார் எனக்கு வெங்காய வடகத்தில ஆசையெண்டு,” என்றாராம். உள்ளே இருந்தவர் நீண்ட காலத்துக்குப் பின் முதன்முறையாகச் சிரித்தார். பிறகு வாய்விட்டு அழுதார். அடுத்த திங்கட்கிழமை இருவரும் ஒன்றாகச் சுகாதாரத் தாதியிடம் சென்றனர். அங்கே அந்தப் பத்து வினாக்களும் கேட்கப்பட்டன. மருத்துவ உதவி கிடைத்தது. நலம்பெறச் சில மாதங்கள் சென்றன. இவற்றையெல்லாம் அவருடைய சம்மதத்துடனேயே எழுதுகின்றோம். தேநீரும் சிரிப்பும் மருந்தாகிவிட்டன என்று நாம் கூறவில்லை. அவை மருந்து இருக்கும் இடத்துக்குக் கைபிடித்து அழைத்துச் சென்றன. நாம் வாசலில் மூடிய கதவை ஒரு வெங்காயக் கதை திறந்தது.

எல்லாச் சிரிப்பும் இத்தகையதன்று என்பதையும் கூறவேண்டும். ஒருவரோடு சேர்ந்து சிரிப்பது வேறு. ஒருவரைப் பார்த்துச் சிரிப்பது வேறு. ‘பிள்ளை ஏன் இவ்வளவு மெலிவு?’, ‘இன்னும் உடம்பு குறையேல்லையோ?’, ‘புட்டிப்பாலோ குடுக்கிறீர்?’ என்று புன்னகையோடு கேட்கும் வினாக்கள் கத்தியைவிடக் கூர்மையானவை. விழா மேடைகளிலே மனைவியரைக் கேலி செய்யும் நாடகங்களுக்கு ஆண்களாகிய நாம் விழுந்து விழுந்து சிரிக்கின்றோம். அந்நேரம் அரங்கின் பின்வரிசையிலே அழும் குழந்தையைத் தோளிற் போட்டு ஆட்டிக்கொண்டு நிற்பவர் யார் என்று திரும்பிப் பார்த்ததுண்டா?

தந்தையரே, நோர்வே நாடு 1993 ஆம் ஆண்டிலே தந்தைக்கென்று 4 வாரப் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பை ஒதுக்கியது. இன்று, முழுச் சம்பளத்துடனான விடுப்பைத் தெரிவுசெய்யும் குடும்பங்களில் அது 15 வாரங்களாக உள்ளது. சட்டம் தந்தையைத் தொட்டிலருகே கொண்டுவந்துவிட்டது. எமது நடைகூடத்துக்கு அவர் இன்னும் வந்துசேரவில்லை. வாகனத்துக்குள் கைத்தொலைபேசியுடன் இருக்கின்றார். நாம் மட்டும் விதிவிலக்கல்லர். எமது முதற்பிள்ளைக்கு எத்தனை கரண்டி மாவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று எமக்குத் தெரியாது. இலக்கணம் தெரியும் என்ற இறுமாப்பிலே காலம் கடத்தினோம். இரண்டாவது பிள்ளைக்கே அதனைக் கற்றோம். முதல் நாள் கலந்த பால் கரண்டி நிற்கும் அளவுக்குத் தடித்திருந்தது. அதனை எமது மனைவியார் நடைகூடத்திலே சொல்லிச் சிரித்தாயிற்று. அக்கூட்டத்தில் எமக்கும் இடம் கிடைத்தது அக்கதையினாலேயே.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். அம்மா நோர்வேஜிய மொழியிலே தடுமாறும்போது நீங்கள் சிரிப்பதை நாம் கண்டிருக்கின்றோம். நான்காம் வேற்றுமையிலே நீங்கள் தடுமாறும்போது அம்மா சிரிப்பதில்லை. அம்மா தாமே தமது தடுமாற்றத்தைச் சொல்லிச் சிரித்தால் சேர்ந்து சிரியுங்கள். அவர் சிரிக்காதபோது கடிதத்தை வாங்கி அமைதியாக வாசித்து விளக்குங்கள். அம்மா பல நாட்களாகச் சிரிக்கவேயில்லை என்று கண்டால், அதை மறைக்காமல் நீங்கள் நம்பும் பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அது உங்கள் குற்றமன்று.

நிர்வாகக் குழுவினருக்கு எமது வேண்டுகோள் எளியது. இக்கட்டடத்திலே சனிக்கிழமைகளில் வெறுமையாகக் கிடக்கும் அறை ஒன்றைத் தாய்மாருக்குத் திறந்து கொடுப்போம். நல்ல கதிரைகளும், குழந்தைகள் தவழ ஒரு விரிப்பும் போதும். மாதம் ஒருமுறை தேநீர் தயாரிப்பதும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதும் தந்தையர் பொறுப்பாகட்டும். ஆண்டுக்கு ஒரு தடவை சுகாதாரத் தாதி ஒருவரை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்புடன் உரையாடச் செய்வோம். ஊரவர் ஒன்றுகூடிக் கூலியின்றிச் செய்யும் பணியை நோர்வேஜியர் ‘டுக்னாட்’ என்பர்; 2004 ஆம் ஆண்டிலே அதனைத் தமது நாட்டின் சொல்லாகவே தெரிவுசெய்தனர். எமக்கும் அது புதிதன்று. ஊரிலே சிரமதானம் என்று கிணறு இறைத்தவர்கள்தாம் நாம். ஓர் அறையைத் திறப்பது கிணறு இறைப்பதைவிடக் கடினமானதா?

அன்று வாகனத்துக்குள் இருந்த அந்தத் தாய் இன்று சுடுநீர்ப் போத்தல் கொண்டுவருவோருள் ஒருவர். புதிதாக யாரேனும் தனித்து நின்றால் முதலிற் சென்று பேசுபவரும் அவரே. அவருடைய மகள் இவ்வாண்டு எமது ஐந்தாம் வகுப்பிலே இருக்கின்றாள். இப்போதும் சில வேளை பிந்தியே வருகின்றாள். நாம் வாசலில் நிற்பதை விட்டுவிட்டோம். வெளியே சிரிப்பொலி எழுந்தால், நான்காம் வேற்றுமையை ஒரு நிமிடம் நிறுத்தி வைக்கின்றோம். வகுப்பறைக் கதவையும் இப்போது சற்றுத் திறந்தே விடுகின்றோம்.